ட்ராக் சா வாங்குவோருக்கு ஒரு தச்சரின் வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீடு, மனை இணைப்பில் போன சனிக்கிழமை மரவேலை மிஷின்களைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில் ட்ராக் சா பற்றியும் ஒரு பத்தி. நீளமான அலுமினிய ரெயில் மேல் ரம்பம் ஓடும், கோடு பிசகாது, பிளேடு மூடிக்குள்ளேயே இருப்பதால் விரலுக்கு ஆபத்தில்லை, வீட்டில் இருப்பவர்களே பிளைவுட் வாங்கி அறுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். ரெயில் மேல் ஓடும் என்பதும் கோடு பிசகாது என்பதும் சரி. மற்றதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பத்தியை நம்பி யாராவது ஒரு பிள்ளை கடையிலிருந்து மிஷினை வாங்கிவந்து, இரண்டு நாற்காலிக்கு நடுவே ஷீட்டைப் போட்டு அறுக்க ஆரம்பித்துவிடுவானோ என்ற பயத்தில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கி எழுதினால் விட்டுப்போவது எதுவோ அதில்தான் யாருக்காவது கை போகும்.

நான் நாகர்கோவில் வடசேரிக்காரன். 36 வருடமாக மரவேலை. அப்பாவிடம் படித்த தொழில். அவர் காலத்தில் தேக்கும் அயனியும் பலாவும்தான் பட்டறைக்கு வரும். வாள், உளி, இழைப்புளி, மூலைமட்டம், இவ்வளவுதான் சொத்து. பலகையை அறுக்க ஆரம்பிக்கும் முன்னால் அது ஆடாமல் நிற்கிறதா என்று முழங்காலை ஊன்றி ஒருமுறை பார்ப்பார். அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்று என் வேலையில் முக்கால்வாசி பிளைவுட், மைக்கா, ரப்பர் மரப் பலகை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட். எல்லாமே 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் ஆரம்பிக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் 2440-க்கு 1220. 18 மில்லிமீட்டர் ஷீட் ஒன்றைத் தனியாகத் தூக்கிப் பாருங்கள், அதன் கனம் என்ன, நடுவில் எப்படித் தொய்கிறது என்று தெரியும்.

இந்த ஷீட்டை நம் ஊரில் பெரும்பாலோர் எதை வைத்து அறுக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லவேண்டும். கட்டர். மார்பிளும் டைல்ஸும் அறுக்கச் செய்த கைமிஷின். 110 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 12,000 சுற்று வாக்கில் ஓடும். அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிவிடுவார்கள். கல்லுக்கான மிஷின் என்பதால், மரம் அறுக்கும் சர்க்குலர் சாவில் இருப்பதுபோல தானாக வந்து பிளேடின் அடிப்பக்கத்தை மூடும் ஸ்பிரிங் மூடி அதில் கிடையாது. இருக்கிற அரை மூடியையும் கோடு மறைக்கிறது என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். சாரத்தை, அதாவது கைலியை, மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, ஷீட்டின் மேலேயே குத்தவைத்து உட்கார்ந்து அறுப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் பல வருடம் அறுத்தேன்.

2017-இல் பார்வதிபுரம் பக்கம் ஒரு வீட்டில் வேலை. என் அக்காள் மகன் என்னோடு சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஷீட். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் ஷீட்டை வைத்திருந்தோம், நடுவில் தாங்கல் இல்லை. அறுத்துக்கொண்டு போகப் போக நடு தொய்ந்தது. விழப்போகும் துண்டைப் பிடிக்க அவன் இடது கையை அடியில் கொடுத்தான். அறுத்த இடைவெளி மேல்பக்கம் ஒட்டி பிளேடைக் கவ்வியது. கட்டர் துள்ளி எழும்பி அவன் பக்கமாக வந்தது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரம்மா பதறிக்கொண்டு ஐஸ்கட்டி கொண்டுவந்தார்கள். விரல்களை அப்படியே ஐஸுக்குள் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, ஐஸ் நேராகப் பட்டதில் சதை உறைந்து கெட்டுவிட்டது என்றார். சுத்தமான துணியை லேசாக ஈரமாக்கி அதில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டுமாம். வெட்டுப்பட்ட கையை அழுத்திக் கட்டி உயரப் பிடிக்க வேண்டும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை இப்போது பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் பணம் சேர்த்து 2019-இல் ட்ராக் சா வாங்கினேன். கட்டரைப்போலப் பல மடங்கு விலை. 165 மில்லிமீட்டர் பிளேடு, 1300 வாட், 1400 மில்லிமீட்டரில் இரண்டு ரெயில். கடையில் பெட்டியைக் கொடுத்தார்கள், பில்லைக் கொடுத்தார்கள், பிளக்கில் மாட்டி ஓடுகிறது என்று காட்டினார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்த புத்தகத்தில் எத்தனையோ மொழி இருந்தது, தமிழ் இல்லை.

முதல் மூன்று மாதம் நான் அதை ஏதோ மந்திரக்கோல்போல நினைத்துவிட்டேன். ரெயிலை வைப்பேன், அடியில் வழுக்காமல் இருக்கப் பிடிப்புப் பட்டை இருக்கிறதே என்று, ரெயிலைப் பலகையோடு இறுக்கும் கிளாம்ப் போடமாட்டேன், ஓட்டுவேன். கோடு கண்ணாடிபோல வரும். ஒருநாள் சிங்க் வைப்பதற்காக ஒரு பலகையின் நடுவில் சதுரம் எடுக்க வேண்டியிருந்தது. கைப்பிடியை அழுத்தி நடுவில் பிளேடை இறக்கினேன். பல் மரத்தைத் தொட்டதுதான் தாமதம், மிஷின் ரெயிலோடு சேர்ந்து பின்பக்கம் ஒரு எத்து எத்தியது. என் தொடையில் இடித்து நின்றது. நல்லவேளை, கைப்பிடியை விட்டதும் பிளேடு மூடிக்குள் ஏறிவிட்டது. ரெயிலில் ஒரு கீறலும் பலகையில் ஒரு குழியுமாகப் போயிற்று. கட்டராக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விரல் போன பிள்ளைக்காக வாங்கிய மிஷினையும் அதே அவசரத்தோடு பிடித்திருக்கிறேனே என்று.

மிஷின் ஏன் எத்துகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி அறுக்கின்றன, பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. முன்னால் அறுத்த வழியில் பின்பற்கள் எதையும் தொடாமல் வரவேண்டும். ஷீட் தொய்ந்து அந்த வழி ஒட்டிக்கொண்டாலோ, மிஷின் கொஞ்சம் திருகிப்போனாலோ பின்பற்கள் மரத்தைக் கடிக்கும். கடித்ததும் பிளேடு மரத்தின்மேல் ஏறி, மிஷினையே தூக்கி, அறுப்பவன் பக்கம் தள்ளும். நடுப்பலகையில் இறக்கும்போதும் அதே கதைதான், அடியில் ஓடும் பல் மரத்தில் உதைத்து மிஷினைப் பின்னுக்குத் தள்ளும். சில மிஷின்களில் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும், ரிவிங் நைஃப் என்பார்கள். அறுத்த வழி ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். ஃபெஸ்டூல் டிஎஸ் 55-இல் அது உண்டு. மகிட்டா எஸ்பி 6000-இல் கிடையாது. வாங்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். கிடையாது என்றால் அந்த மிஷின் ஆகாது என்றில்லை, தாங்கலிலும் கிளாம்பிலும் இன்னும் கறாராக இருக்கவேண்டும் என்று அர்த்தம்.

ஆகவே முதல் வேலை ஷீட்டுக்குத் தாங்கல். நான் தரையில் ஒரு பழைய ஃபிளஷ் டோரைப் போட்டு அதன்மேல் ஷீட்டைப் படுக்கவைக்கிறேன். அறுத்து முடித்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே படுத்திருக்க வேண்டும், ஒன்றுகூட விழக்கூடாது. கதவு இல்லையென்றால் ஒரே உயரத்தில் நாலு சட்டம், அறுக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக. கையை அடியில் கொடுக்கிற வேலையே வரக்கூடாது. யாராவது ஓடிவந்து துண்டைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் தாங்கல் சரியில்லை, நிறுத்துங்கள்.

அடுத்து மிஷினையும் ரெயிலையும் ஒன்றுக்கொன்று பழக்குவது. இதைக் கடைக்காரர் சொல்லவே இல்லை. ரெயிலின் ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புது ரெயிலில் அது வேண்டுமென்றே அதிகமாக விடப்பட்டிருக்கிறது. அறுக்கும்போது மைக்கா சில்லு சில்லாய்ப் பெயராமல் அழுத்திப் பிடிப்பதற்கும், கோடு எங்கே விழும் என்று காட்டுவதற்கும் உள்ள பட்டை அது. ஆனால் அதை நாமே முதலில் ஒருமுறை நறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினை ரெயிலில் உட்காரவைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடித்தட்டில் இருக்கும் இரண்டு சின்னத் திருகுகளைத் திருப்பி ஆட்டத்தை எடுக்கவேண்டும். ஆட்டமும் இருக்கக்கூடாது, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டும் போகவேண்டும். ஆட்டத்தை எடுத்த பிறகுதான் பட்டையை நறுக்கவேண்டும், மாற்றிச் செய்தால் பட்டை வீண். ரெயிலை ஒரு கழிவுப் பலகையில் கிளாம்ப் போட்டு, முழு வேகத்தில், நிற்காமல் ஒரே ஓட்டம். இனி அந்தப் பட்டையின் ஓரம்தான் பிளேடின் கோடு. பென்சில் புள்ளியில் பட்டையின் ஓரத்தை வைத்தால் அங்கேதான் அறுக்கும்.

இதிலும் நான் பட்ட பாடு உண்டு. 2.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேடில் பட்டையை நறுக்கிவிட்டு, பிறகு வேறு கம்பெனியின் மெல்லிய பிளேடை மாட்டினேன். கோடு பட்டையை விட்டு விலகி விழுந்தது, மைக்கா முழுக்கப் பெயர்ந்தது. மிஷினைத்தான் குற்றம் சொன்னேன். பிளேடை மாற்றினால் பட்டையையும் சரிபார்க்க வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. பட்டை தனியாகக் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளலாம்.

பிளேடு பற்றியும் ஒரு வார்த்தை. பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் 48 பல் உள்ளது. ரப்பர் மரம், தேக்கு போன்றவற்றை நீளவாக்கில் கிழிக்கப் பல் குறைந்தது, இல்லாவிட்டால் தூள் வெளியேற இடமில்லாமல் கருகும். பிளைவுட் பசை பல்லில் படிந்து பிளேடு கறுத்துப்போகும். அதைப் பலர் மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்தாலே பாதி உயிர் திரும்பிவிடும். பல் மழுங்கினால் மிஷினைத் தள்ளவேண்டி வரும், தள்ளினால் எத்தும். ரம்பத்தைத் தள்ளாதே, கூட்டிக்கொண்டு போ என்று அப்பா சொல்வார். பிளேடைத் தொடும் எந்த வேலைக்கும் பிளக் சுவரிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. வீட்டில் யாராவது ஃபேனைப் போடுவதாக நினைத்து அதைத் தட்டிவிடுவார்கள்.

ஆழம். 18 மில்லிமீட்டர் ஷீட்டுக்குப் பல் அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். முழு ஆழத்துக்கு இறக்கிவிட்டு அறுப்பவர்கள் அடியில் இருக்கும் தரையையும் அறுக்கிறார்கள், எத்துக்கும் வழி செய்கிறார்கள். ரெயிலுக்கே 5 மில்லிமீட்டர் வாக்கில் கனம் உண்டு. சில மிஷின்களின் அளவுகோல் ரெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கும், சிலவற்றில் நாம்தான் கூட்டவேண்டும். குழம்பவேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரெயிலின் நுனியில், ஷீட்டுக்கு வெளியே பிளேடை இறக்கிப் பக்கத்திலிருந்து கண்ணால் பாருங்கள். அப்போதே பிளேடு தடையில்லாமல் மேலே ஏறி மூடிக்குள் போகிறதா என்றும் பார்த்துவிடலாம். தூள் அடைத்துக்கொண்டு பாதியில் நிற்பதை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். அப்படி நின்றால் அந்த மூடிக்கு அர்த்தமே இல்லை.

ரெயிலை வைக்கும்போது நமக்கு வேண்டிய துண்டு ரெயிலுக்கு அடியில் இருக்கவேண்டும், கழிவு வெளியே. பட்டை பிடித்திருக்கும் பக்கம்தான் சுத்தமாக வரும். கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு புள்ளி போதும், நூலடித்து முழுக் கோடு போடத் தேவையில்லை. பிளேடின் கனத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிடாதீர்கள். 2.2 மில்லிமீட்டர் பிளேடில் 1220 ஷீட்டை இரண்டாகக் கிழித்தால் 610 வராது, 608.9 தான் வரும். அலமாரி செய்யும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் கதவில் வந்து நிற்கும். ஷீட்டைக் குறுக்கே அறுக்க 1400 ரெயில் பற்றும், ஆனால் மிச்சம் 180 மில்லிமீட்டர்தான். அந்த மிச்சத்தை நாம் ஆரம்பிக்கிற பக்கம் விடவேண்டும். மிஷினின் அடித்தட்டு ரெயிலில் நன்றாக உட்கார்ந்து, பிளேடு ஷீட்டுக்கு வெளியே முழுதாக இறங்கி, முழு வேகம் எடுத்த பிறகுதான் மரத்துக்குள் நுழையவேண்டும். நீளவாக்கில் அறுக்க இரண்டு ரெயிலை இணைக்கவேண்டும். இணைக்கும் கம்பியை இறுக்குவதற்கு முன்னால் இரண்டின் பக்கத்திலும் நேரான ஒரு சட்டத்தை ஒட்டவைத்துப் பாருங்கள். ரெயில் முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் நேராகிவிடும் என்று நம்பி நான் ஒரு வார்ட்ரோபின் பக்கப் பலகை இரண்டையும் கெடுத்திருக்கிறேன்.

கிளாம்ப் இரண்டு முனையிலும் போடுங்கள். ரெயிலின் அடியிலேயே கிளாம்ப் நுழைய வழி இருக்கிறது, மேலே மிஷினுக்கு இடிக்காது. பிடிப்புப் பட்டையே போதும் என்பவர்கள் சுத்தமான மேஜையில் புது ஷீட்டை அறுப்பவர்கள். நம் வேலை, பக்கத்து அறையில் கொத்தனார் சிமென்ட் கலக்கும் வீட்டில். தூள் படிந்த மைக்கா மேல் அந்தப் பட்டை சோப்புபோல வழுக்கும். துடைத்துவிட்டு வைக்கவேண்டும், வைத்துவிட்டு இறுக்கவேண்டும். சாய்த்து 45 டிகிரியில் அறுக்கும்போது மிஷின் ஒரு பக்கம் கவிழப் பார்க்கும், அப்போது கிளாம்ப் இல்லாமல் நான் தொடமாட்டேன். ஒடுக்கமான துண்டாக இருந்தால் ரெயில் தாங்க இடமில்லாமல் ஆடும், பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு துண்டை வைத்துவிடுங்கள்.

கரண்டையும் சொல்லவேண்டும். மிஷின் 1300 வாட், தூள் இழுக்கும் வேக்குவம் 1200 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 11 ஆம்பியர் இழுக்கும். கட்டுமான வீட்டில் 6 ஆம்பியர் பிளக்கில் மெல்லிய ஒயர் போட்டு இரண்டையும் மாட்டினால் ஒயர் சுடும், மின்னழுத்தம் குறையும், மிஷின் மரத்துக்குள் திணறும். 16 ஆம்பியர் பாயிண்டிலிருந்து எடுங்கள். சுருட்டு ஒயரை முழுக்கப் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எங்கள் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், ஈரத் தரையில்தான் பாதி வேலை. கசிவு வந்தால் தானாக அணையும் டிரிப்பர் இல்லாத வீட்டில் நான் இப்போது மிஷினை மாட்டுவதில்லை.

அறுக்கும்போது இரண்டு கையும் இரண்டு கைப்பிடியில். இடது கையால் ரெயிலை முன்னால் அழுத்திப் பிடிக்கும் பழக்கம் கட்டர் பிடித்தவர்களுக்கு வரும், என் அக்காள் மகனிடம் அதைத்தான் முதலில் விடச் சொன்னேன். மிஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். ஒயரும் வேக்குவம் குழாயும் தோள்மேல் கிடக்கட்டும். ரெயில் முனையில் குழாய் மாட்டிக்கொண்டு பாதி அறுப்பில் மிஷினை இழுத்துப் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது, அப்போது மனிதன் இயல்பாகத் திருகுகிறான், அங்கேதான் பிளேடு கவ்வும். தடுக்கினால் சுவிட்சை விடுங்கள், பிளேடு நிற்கும்வரை அசைக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் ஓடும் பிளேடோடு பின்னுக்கு இழுக்கவேண்டாம். சாரமும் தொளதொள சட்டையும் கையுறையும் வேண்டாம். கால்சட்டை, மூடிய ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான் வேண்டும். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும் என்கிறார்கள், ரம்பங்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். என் வலது காது ஏற்கெனவே மந்தம்.

நடுப்பலகையில் இறக்கி அறுப்பதை நன்றாகப் பழகிய பிறகே செய்யுங்கள். ரெயிலில் மிஷினுக்குப் பின்னால் ஒரு தடுப்பை இறுக்கி, மிஷினின் முதுகு அதில் முட்டியிருக்கும்படி வைத்து, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக இறக்கவேண்டும். தடுப்பு இருந்தால் எத்த இடமில்லை. அன்று அந்தச் சிங்க் பலகையில் இதை வைத்திருந்தால் என் தொடையில் காயம் இருந்திருக்காது. இந்தத் தடுப்பு பல மிஷின்களோடு வருவதில்லை, தனியாக வாங்கவேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு கிளாம்பையும் மரக்கட்டையையும் வைத்துச் செய்துகொள்ளலாம்.

தூளைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதே இல்லை. தலையில் துண்டு, மூக்கில் ஒன்றும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய். பிளைவுட் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் பிறகு அதே பிரிவில் சேர்ந்தது. ட்ராக் சாவின் பெரிய நன்மையாக நான் நினைப்பது இதுதான், மூடிக்குள்ளேயே அறுப்பதால் குழாயை மாட்டினால் தூளில் பெரும்பகுதி வெளியே வராது. குழாய் இல்லாமல் ஓட்டுபவர்கள் மிஷினின் பாதிப் பயனை வீணாக்குகிறார்கள். குழாய் இருந்தாலும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். காலையில் தாங்கல் போட, ரெயிலைச் சரிபார்க்க, கரண்ட் எடுக்க எனக்கு 20 நிமிடம். பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் கிளாம்புக்காக ஒரு நிமிடம். எங்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கில். அந்த நிமிடங்களுக்கு யாரும் காசு தருவதில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடமே சொன்னார், கட்டரில் இரண்டு நாளில் முடிக்கிறான், நீ ரெயிலை வைத்துக்கொண்டு விளையாடுகிறாய் என்று. அந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன், அந்த மாதம் கஷ்டப்பட்டேன். வீடு கட்டுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், உங்கள் வீட்டுக்குள் மூடியைக் கழற்றிய கட்டர் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. நீங்கள் சொன்னால் ஒப்பந்தக்காரர் கேட்பார், நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்.

தச்சுத் தம்பிகளுக்கும் ஒன்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சரும் பதியலாம். என் அக்காள் மகன் பதிந்திருக்கவில்லை, விபத்துக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட வரவில்லை. முதலில் போய்ப் பதியுங்கள். நல்ல மிஷினுக்குப் பணம் இல்லையென்றால், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தொழிலுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். அந்த மானியத்தில் மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒருநாளாவது அதை ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று அரசையும் கேட்டுக்கொள்கிறேன். மிஷினை மட்டும் கொடுத்தால் போதாது என்பதற்கு நானே சாட்சி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த இணைப்பில் இன்னொரு அரைப்பக்கம் கொடுங்கள். தாங்கல் எப்படிப் போடுவது, கை எங்கே இருக்கவேண்டும், எத்துத் தடுப்பை எங்கே இறுக்குவது என்று படத்தோடு போட்டால் இந்தக் கடிதத்தைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள். படங்களை என் அக்காள் மகன் வரைந்து தருவான். அவன் இப்போதும் என்னோடுதான் வேலை செய்கிறான். ஷீட்டுக்கு அளவு போடுவதும் ரெயிலை வைப்பதும் கிளாம்ப் இறுக்குவதும் அவன் பொறுப்பு, மாமா கிளாம்ப் என்று அவன் சொல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. வலது கை நன்றாக இருக்கிறது, கோடு சுத்தமாக இழுப்பான்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி,
வடசேரி, நாகர்கோவில்.